டப்பாவில் வரும் நீலப் பழமும் மணல் ஒட்டிய நாவற்பழமும்



திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற நகரங்களின் பெரிய பழக்கடைகளில் ஒரு சிறிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவை இப்போது அனைவரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே சுண்டைக்காய் அளவில் நீலநிறப் பழங்கள் இருக்கும். எடை 125 கிராம்தான். இதன் பெயர் புளூபெர்ரி. பக்கத்திலேயே சிவப்பாக ஸ்ட்ராபெர்ரி இருக்கும். மளிகைக் கடைகளில் முந்திரி, திராட்சைக்கு அருகில் உலர்ந்த கிரான்பெர்ரிப் பொட்டலமும் தொங்கத் தொடங்கிவிட்டது. "இதை நம் கடையில் வாங்கி வைக்கலாமா? லாபம் உண்டா?" என்று சில்லறை வணிகர்கள் பலர் கேட்கிறார்கள். மணிலா, புளி, எள், நெல்லி என்று நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை இங்கே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உடையவர்கள் அவசியம் எழுத வேண்டும்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த டப்பாவுக்குள் இருக்கும் பழத்தால் நம்மைப் போன்ற சிறிய ஊர்க் கடைக்காரருக்கு அதிக லாபம் இல்லை. ஆனால் அந்தப் பழத்தை உலகம் முழுவதும் விற்கிற முறையில் நமக்கு நிறைய லாபம் இருக்கிறது. இது எப்படி என்று பார்ப்போம்.

பெர்ரி என்றால் என்ன?

தாவர நூல்படி பார்த்தால் திராட்சை ஒரு பெர்ரி. தக்காளி, கத்தரிக்காய், மிளகாய் எல்லாம்கூட பெர்ரி இனம்தான். வேடிக்கை என்னவென்றால், பெயரிலேயே பெர்ரியை வைத்திருக்கும் ஸ்ட்ராபெர்ரி அந்தக் கணக்கில் சேராது. வியாபாரத்தில் இந்த நூல் கணக்கு செல்லாது. தோல் உரிக்காமல், கத்தி எடுக்காமல், அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் சிறிய மென்மையான பழத்தைச் சந்தை பெர்ரி என்கிறது. அந்தக் கணக்குப்படி நாவல், களா, இலந்தை, சொடக்குத் தக்காளி, பன்னீர் திராட்சை எல்லாம் நம் நாட்டுப் பெர்ரிகள். நெல்லிக்காயை வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டு கூஸ்பெர்ரியின் பெயராலேயே அழைத்தார்கள். ஆக, இது நமக்குப் புதிய சரக்கு அல்ல. விற்கும் விதம்தான் புதிது.

உலகச் சந்தை வளர்ந்த கதை

புளூபெர்ரி நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை அமெரிக்கக் காடுகளில் தானாகக் காய்த்துக் கிடந்த புதர்ப் பழம். நியூ ஜெர்சி மாநிலத்தில் கிரான்பெர்ரித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணி, பிரெடெரிக் கோவில் என்ற அரசுத் தாவர விஞ்ஞானியுடன் 1911இல் கூட்டுச் சேர்ந்தார். காட்டில் பழம் பொறுக்கும் ஏழை மக்களிடம் அளவுத் துளை போட்ட ஒரு பலகையைக் கொடுத்து, "இந்தத் துளைக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம் தருகிறேன்" என்றார். அவர்கள் காட்டிய புதர்களிலிருந்து நாற்று எடுத்தார். கண்டுபிடித்துக் கொடுத்தவர் பெயரையே அந்தச் செடிக்கு வைத்தார். 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் விற்கும் புளூபெர்ரிக்கு ஆரம்பம் இதுதான். காட்டுப் பழம், காட்டு மக்களின் அறிவு, தரம் பிரிக்க ஒரு பலகை, இந்த மூன்றும்தான் முதலீடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு நம் கல்வராயன் மலைக்கு வருவோம்.

அடுத்த பெரிய பாய்ச்சல் தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் நடந்தது. 2010 வாக்கில் அந்த நாட்டில் புளூபெர்ரி ஏற்றுமதி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கடலோரப் பாலைவனத்துக்கு மலையிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து, சொட்டு நீரில் பயிர் செய்தார்கள். பத்தே ஆண்டுகளில் ஏற்றுமதியில் உலகின் முதலிடத்துக்கு வந்தார்கள். 2021இல் அவர்கள் அனுப்பிய சரக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல். காரணம் என்ன? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழம் ஓய்ந்துபோகும் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெருவில் அறுவடை. அடுத்தவனுக்குச் சரக்கு இல்லாத மாதத்தில் நம்மிடம் சரக்கு இருப்பதுதான் வியாபாரம் என்பதை நம் வணிகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படியே மெக்சிகோ அமெரிக்காவுக்கும், மொராக்கோவும் ஸ்பெயினும் ஐரோப்பாவுக்கும் பெர்ரி அனுப்புகின்றன. சீனா தன் யுன்னான் மாகாணத்திலேயே பெருமளவில் பயிர் செய்து தன் மக்களுக்கு விற்கிறது. கலிபோர்னியாவின் டிரிஸ்கால்ஸ் நிறுவனம் பழ ரகங்களைத் தானே உருவாக்கி, விவசாயிகளிடம் கொடுத்துப் பயிர் செய்யச் சொல்லி, ஒரே பெயரில், ஒரே டப்பாவில் ஆண்டு முழுவதும் விற்கிறது. வாங்குகிறவருக்கு இந்தப் பழம் எந்த நாட்டுப் பழம் என்ற கவலை இல்லை. டப்பா அதே டப்பா, சுவை அதே சுவை.

இதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தொழிற்சாலைகளில் ஒருகாலத்தில் குப்பையாக மலைபோல் குவிந்து கிடந்த நார்க்கழிவைக் கழுவி, அழுத்தி, கட்டியாக்கி இன்று உலகம் முழுவதும் ஏற்றுமதி செய்கிறார்கள். ஐரோப்பாவில் ஸ்ட்ராபெர்ரியும் புளூபெர்ரியும் பெருமளவில் அந்த நார்த்தூளில்தான் வளர்கின்றன. மண்ணை அனுப்புகிறவர்கள் நாம். பழத்தை விற்கிறவர்கள் அவர்கள். லாபம் எங்கே நிற்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இடைஞ்சல்கள் என்னென்ன?

வளர்ச்சியை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. இந்த வியாபாரத்தில் ஆழமும் உண்டு, சுழலும் உண்டு.

முதலாவது, பழத்தின் ஆயுள். பறித்த உடனே சூட்டை இறக்கி, உறைநிலையை ஒட்டிய குளிரில் வைத்தால் ஸ்ட்ராபெர்ரி ஒரு வாரம் தாங்கும். ராஸ்பெர்ரி அதுவும் தாங்காது. புளூபெர்ரி இரண்டு வாரம், கூடுதல் கவனம் எடுத்தால் அதற்கு மேலும் தாங்கும். அதனால்தான் அது கப்பலேறி வருகிறது. நடுவில் எங்காவது இரண்டு மணி நேரம் குளிர் விட்டுப்போனால், அதன் பலன் கடைசியில் கடைக்காரர் தலையில்தான் விடியும். ஒரு பழத்தில் சாம்பல் பூஞ்சை பிடித்தால் டப்பா முழுவதும் பரவும்.

இரண்டாவது, வானிலை. 2023இல் எல் நினோ காரணமாகப் பெருவில் வெப்பம் கூடி, விளைச்சல் பெரிதும் சரிந்தது. உலகம் முழுவதும் விலை ஏறியது. பெரும்பகுதிச் சரக்குக்கு ஒரே நாட்டை நம்பினால் இதுதான் கதி.

மூன்றாவது, கூலி. இந்தப் பழங்களைப் பெரும்பாலும் கையால்தான் பறிக்க வேண்டும். செலவில் பெரும் பங்கு அதற்கே போகிறது.

நான்காவது, ரகத்தின் உரிமை. நல்ல ரகங்கள் கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. செடி வாங்கவே உரிமைத் தொகை கட்ட வேண்டும்.

நம் நாட்டு நிலவரம்

இந்தியாவில் ஸ்ட்ராபெர்ரி என்றால் மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வர்தான். நாட்டின் விளைச்சலில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில்தான் விளைகிறது. 2010இல் புவிசார் குறியீடும் பெற்றது. தமிழ்நாட்டில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஓரளவு பயிராகிறது. பனியும் குளிரும் விரும்பும் பயிர் என்பதால் கல்வராயன் மலையின் உயரத்தில் அதை நம்பிப் பணம் போடும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். புளூபெர்ரிக்கோ புளிப்பு மண் வேண்டும். நம் பக்கத்து மண்ணில் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும். அது பெரும் முதலாளிகளின் வேலை.

இறக்குமதியைப் பொறுத்தவரை, 2023 செப்டம்பரில் அமெரிக்காவுடனான வர்த்தக வழக்கைத் தீர்த்துக்கொள்ளும்போது, புளூபெர்ரி, கிரான்பெர்ரி ஆகியவற்றின் மீதான வரியைக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. எனவே இந்தச் சரக்கு இனி கூடுமே தவிரக் குறையாது. பெருநகரங்களில் பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பெனிகள் இதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கின்றன. அவர்களுக்கு ஒரு தெருவில் ஆயிரம் வீடு. நமக்கு ஊருக்கே பத்து வீடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு டப்பா அசல் 100 ரூபாய், விற்பனை 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 டப்பா எடுத்தால் முதல் 1,000. எட்டு விற்றால் 960. இரண்டு கெட்டால் 40 ரூபாய் கைநஷ்டம். மின்சாரச் செலவு தனி. இருபது சதவீத லாபம் என்று கணக்கில் தெரிந்தது, இரண்டே டப்பாவில் முதலுக்கு மோசம் செய்துவிட்டது. ஆகவே சிறிய கடைக்காரர்களுக்கு என் யோசனை: முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்த வாடிக்கையாளருக்கு மட்டும் புதிய பழத்தை வரவழையுங்கள். கண்ணாடிப் பெட்டியில் அழகுக்கு அடுக்கி வைக்க வேண்டாம். உலர் கிரான்பெர்ரி, உலர் புளூபெர்ரி ஆகியவை மளிகைச் சரக்கு, ஆயுள் உண்டு, சிறிய பொட்டலத்தில் தாராளமாக விற்கலாம். சர்க்கரை சேர்த்த சரக்கா என்று மட்டும் பார்த்து, கேட்பவருக்குச் சொல்லி விற்றால் நல்லது. சர்க்கரை நோயாளிகள் "உடம்புக்கு நல்லது" என்று நம்பி வாங்குகிறார்கள்.

சுட்ட பழமும் சுடாத பழமும்

இனி நம் சரக்குக்கு வருவோம். அவ்வைப் பாட்டியிடம் மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த முருகன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட கதை நம் குழந்தைகளுக்கும் தெரியும். மரத்தை உலுக்கியதும் விழுந்த நாவற்பழத்தில் மணல் ஒட்டியது, பாட்டி ஊதினாள். கதையில் அது ஞானம். வியாபாரத்தில் அது சேதாரம். இன்றுவரை நாம் மரத்தை உலுக்கி, மணலில் விழுந்த பழத்தைக் கூடையில் அள்ளி, அடியில் நசுங்கியதோடு சேர்த்துப் படியில் அளந்து விற்றுக்கொண்டிருக்கிறோம். மறுநாள் அந்தப் பழம் தண்ணீர் விட்டுவிடும். பாதி விலைக்கும் ஆள் இல்லை.

அதே பழத்தை மரத்தடியில் வலையோ பழைய சேலையோ கட்டிப் பிடித்து, காம்போடு பறித்து, காலை வெயில் ஏறுமுன் நிழலுக்குக் கொண்டுவந்து, பெரிது சிறிது பிரித்து, கால் கிலோ டப்பாவில் போட்டால் என்ன ஆகும்? அதற்கும் கணக்குப் போடுவோம். விலை எல்லாம் உதாரணத்துக்குத்தான். அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிலோ 60 ரூபாய் வீதம் 20 கிலோ கொள்முதல், முதல் 1,200 ரூபாய். பழைய முறையில் முதல் நாள் 12 கிலோ 80 ரூபாய்க்கு விற்றால் 960. மறுநாள் 5 கிலோ 50 ரூபாய்க்குத் தள்ளினால் 250. மீதி 3 கிலோ குப்பை. வரவு 1,210. நாள் முழுதும் நின்றதற்குக் கிடைத்தது பத்து ரூபாய்.

புதிய முறையில் முதல் தரம் 10 கிலோவை 40 டப்பாவாக்கி, டப்பா 35 ரூபாய்க்கு விற்றால் 1,400. இரண்டாம் தரம் 6 கிலோ 60 ரூபாய் வீதம் 360. நசுங்கிய 4 கிலோவைச் சாறு போடுபவருக்கு 20 ரூபாய் வீதம் கொடுத்தால் 80. மொத்தம் 1,840. டப்பாச் செலவு 160, பிரிக்கும் கூலி 200, கொள்முதல் 1,200 போக 280 ரூபாய் மிஞ்சுகிறது. அதே பழம், அதே மரம். பிரித்து வைத்ததற்குத்தான் இந்த 280.

இது வெறும் ஆசைப் பேச்சு அல்ல. உத்தரப்பிரதேசத்தின் பித்தூர் வட்டாரத்திலிருந்து 2021 ஜூன் மாதம் புதிய நாவற்பழம் லண்டனுக்கு ஏற்றுமதியானது. நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் வயல் வரப்பில் சிறுவர்கள் நெற்றியில் சொடக்கிச் சாப்பிடும் சொடக்குத் தக்காளியின் பெரிய உறவுப் பழத்தைக் கொலம்பியா நாடு ஓட்டோடு டப்பாவில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது. பேக்கரியில் கேக்கின் மேல் சிவப்பாக இருக்கும் 'செர்ரி' பெரும்பாலும் சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான் என்பது மளிகை வியாபாரிகளுக்குத் தெரியும். நம் களாவை அடுத்தவர் பெயரில் விற்கிறோம். அதன் சொந்தப் பெயரில் விற்க நமக்கு மனம் வரவில்லை. உள்ளூரில் விலை போகாத மாடு வெளியூரில் விலை போகுமா என்று கேட்பார்கள். முதலில் உள்ளூரில் விலை போக வைப்பது வணிகனின் வேலை.

மலைக்கும் நமக்கும் உள்ள கணக்கு

கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய், நெல்லி, தேன் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கி வருகின்றன. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மலையாளி மக்கள் சுமந்துவரும் சரக்கில்தான் நம் கடைவீதிகளில் பல மண்டிகள் வளர்ந்தன. இதில் மனசாட்சியோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் இருப்பவருக்கு அன்றைய விலை தெரியாது என்பதை லாபமாகக் கருதும் பழக்கம் நம் தொழிலில் சிலருக்கு இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருட்களின் மீது அந்த மக்களுக்கே உரிமை கொடுத்திருக்கிறது. கையில் கைப்பேசி வந்துவிட்டது. திருவண்ணாமலை விலை என்ன என்று அவர்கள் மரத்தடியிலிருந்தே கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான்.

ஏனென்றால் பெர்ரி வியாபாரம் என்பது பறிப்பவரின் கையில் இருக்கிறது. காம்பு ஒடியாமல், பூச்சு கலையாமல் பறித்தால்தான் டப்பாவுக்கு ஆகும். மூட்டைக்கு இவ்வளவு என்று குறைந்த விலை வைத்தால், அவர் கிளையையே வெட்டிச் சாய்த்து நெல்லியை உருவிக்கொண்டு வருவார். அடுத்த ஆண்டு அந்தக் கிளையில் காய் இருக்காது. கிலோவில் நிறுத்து, தரத்துக்குத் தனி விலை வைத்து, அன்றே ரொக்கம் கொடுத்தால், அவரே நல்ல காயைத் தேடிப் பறித்துக்கொண்டு வருவார். எலிசபெத் ஒயிட் அம்மையார் செய்ததும் இதைத்தான். எந்த ஓடையோரத்து மரத்தில் பழம் பெரியது, எந்த மரத்தில் கொட்டை சிறியது, எது துவர்ப்பு குறைந்தது என்பது அந்த மக்களுக்குத்தான் தெரியும். அந்தத் தாய் மரங்களை அவர்களைக் கொண்டே அடையாளம் கண்டு, தோட்டக்கலைத் துறையின் உதவியோடு ஒட்டுக்கட்டினால், பத்து ஆண்டில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு நாவலும் ஒரு நெல்லியும் உருவாகும். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் பி.எஸ்.ஆர். 1 என்ற நெல்லி ரகத்தைத் தந்தது நம் மாநிலத்தில்தான். மரத்தைக் காட்டியவருக்கு அதில் பங்கும் பெயரும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம்பிக்கைதான் மூலதனம்

2010ஆம் ஆண்டில் நாசிக் திராட்சைக்கு நடந்ததை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழத்தில் ஒரு பயிர் ஊக்கி மருந்தின் எச்சம் இருப்பதாக ஐரோப்பாவில் சொல்லி, நம் நாட்டுக் கன்டெய்னர்களை ஏற்க மறுத்தார்கள். விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் பெரும் நஷ்டம் அடைந்தார்கள். அதன் பிறகு எந்தத் தோட்டத்தில் என்ன மருந்து என்று பரிசோதனையும் பதிவும் இறுகின. நாசிக் திராட்சை மீண்டும் எழுந்தது. அதே 2010இல் அங்கே விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய சஹ்யாத்ரி அமைப்பு பின்னர் நாட்டின் முன்னணித் திராட்சை ஏற்றுமதியாளராக வளர்ந்தது. பதிவேடு என்றால் அரசாங்கத் தொல்லை என்று நினைக்கிறோம். கெட்ட சரக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடிந்தால், நல்ல சரக்குக்காரர் தப்பித்துக்கொள்கிறார். பதிவேட்டின் பயன் அதுதான்.

நம் பக்கம் இருக்கும் குறை வேறு மாதிரியானது. மேலே பெரிய காய், அடியில் சிறிய காய் என்று கூடை கட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் போகவில்லை. கண்ணாடி டப்பாவில் இந்த வேலை நடக்காது. நான்கு பக்கமும் தெரியும். அதனாலேயே வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார். அதுபோல, "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று நாவற்பழ டப்பாவில் அச்சடிக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். அதைவிட, மருந்தை நிறுத்திவிட்டுப் பழத்தை நம்பும் மனிதரின் பாவம் நமக்கு வேண்டாம். பழத்தின் பெயர், எடை, விலை, அடைத்த தேதி, அடைத்தவர் முகவரி ஆகிய ஐந்தும் தெளிவாக இருக்க வேண்டும்.

கமிஷன் வியாபாரத்திலும் இதே வெளிச்சம் வேண்டும். வெளியூர் மண்டி ஒன்றுக்கு நெல்லி அனுப்பியபோது, பட்டியலில் "சேதாரம்" என்று ஒரு வரி போட்டு நான்கில் ஒரு பங்கைக் கழித்தார்கள். சேதமான காயைக் காட்டுங்கள் என்றால், கொட்டிவிட்டோம் என்றார்கள். பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. சேதாரத்துக்குப் படம் எடுத்துக் கைப்பேசியில் அனுப்பினால்தான் கழிவு ஏற்போம் என்று சங்கத்தின் பெயரில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னால், இந்த வழக்கம் ஒரு பருவத்தில் ஒழியும். தனி ஆளாகச் சொன்னால் அடுத்த லோடு வேண்டாம் என்பார்கள்.

குளிர் வேண்டும், ஆனால் கட்டுப்படியாக வேண்டும்

"குளிர்பதனக் கிடங்கு இல்லாமல் இதெல்லாம் நடக்குமா?" என்பது நியாயமான கேள்வி. 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். பாலம் போனால், மின்சாரம் போனால், இரண்டு நாள் ஆயுள் உள்ள பழம் என்ன ஆகும்? எனவே ஊருக்கு ஊர் கோடி ரூபாய்க் கிடங்கு கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிறிதாகத் தொடங்க வேண்டும்.

டெல்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மின்சாரம் இல்லாத குளிர் அறை ஒன்றை வெகு காலத்துக்கு முன்பே வடிவமைத்திருக்கிறது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, மேலே கூரை போட்டால், கோடையில் வெளிச்சூட்டைவிடப் பத்து டிகிரி வரை குறைவாக உள்ளே இருக்கும், ஈரப்பதமும் நிற்கும். ஊர்ப் பெயரிலேயே மணலை வைத்திருக்கும் நாம் இதைக்கூடச் செய்து பார்க்காவிட்டால் எப்படி? ஆற்று மணல் இன்று அருமையான பொருள்தான். ஆயினும் ஒரு அறைக்கு வேண்டியது அதிகமில்லை. ஈரக்காற்றுப் படும் நாளில் இதன் பலன் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடியில் காற்றடிக்கும் நாட்களில் நாவற்பழத்துக்கு இது ஏற்றது. இது வெற்றி பெற்றால், அடுத்த படியாகப் பத்து வணிகர்கள் சேர்ந்து ஒரு சிறிய குளிர் அறை கட்டலாம். 2020இல் மத்திய அரசு அறிவித்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதச் சலுகை வைத்தார்கள். இப்போதைய விதி என்ன, யாருக்குப் பொருந்தும் என்பதை நம் சங்க நிர்வாகிகள் வங்கியில் கேட்டு உறுப்பினர்களுக்குத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

"நம் ஊர் ஜனங்கள் டப்பாவுக்குக் காசு கொடுப்பார்களா?" என்றும் கேட்பீர்கள். எல்லோரும் கொடுக்கமாட்டார்கள். அதனால்தான் இரண்டாம் தரத்தைப் படியில் தொடர்ந்து விற்கச் சொல்கிறேன். ஏழைக்குக் கூடைப் பழம் இருக்கட்டும். ஆனால் பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை வரும் லட்சக்கணக்கான வெளியூர் மக்கள், வழியில் கழுவிச் சாப்பிடத் தயாராக ஒரு டப்பாப் பழம் கிடைத்தால் வாங்கமாட்டார்களா? தை 5ஆம் நாள் நம் ஊர் ஆற்றுத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தில் நெல்லிக்காய் டப்பாவுக்கு ஆள் இருக்காதா? பருவத்துக்கும் கூட்டத்துக்கும் முடிச்சுப் போடுவதுதான் நம் தொழில். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் என்பவர்கள் பனை ஓலைக் கொட்டானில் போட்டுப் பார்க்கலாம். காற்றோட்டமும் உண்டு, பின்னுகிறவர்களுக்கு வேலையும் உண்டு.

என் வேண்டுகோள்

சங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் நான்குதான். ஒன்று, வரும் நாவற்பழப் பருவத்தில் விருப்பமுள்ள ஐந்து கடைகளில் மட்டும் தரம் பிரித்து டப்பாவில் விற்றுப் பார்த்து, வரவு செலவை இந்த இதழிலேயே வெளியிட வேண்டும். நஷ்டம் வந்தாலும் வெளியிட வேண்டும். இரண்டு, மலையிலிருந்து வரும் சரக்குக்கு அன்றைய விலையைக் கடைவீதியில் கரும்பலகையில் எழுதி வைக்க வேண்டும். மூன்று, எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தே வாங்குவது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு, செங்கல் மணல் குளிர் அறை ஒன்றைச் சங்கக் கட்டடத்தின் பின்புறம் கட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பொதுக்குழுச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகமாக இருக்காது.

வெளிநாட்டுப் பழம் வரக் கூடாது என்று கொடி பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாங்குகிறவர் விருப்பத்தை யாரும் தடுக்க முடியாது. நாமும் சொல்லிவைத்தவருக்கு அதை வரவழைத்து விற்போம். ஆனால் பெரு நாட்டுக்காரர் பாலைவனத்தில் விளைந்ததை உலகம் சுற்றிக் கொண்டுவந்து நம் கடைவீதியில் விற்கும்போது, பத்து மைல் தூரத்து மரத்தடியில் நம் பழம் மணலில் கிடந்து அழுகுகிறது. அதைக் குனிந்து எடுப்பதற்கு முன், கீழே விழாமல் பிடிக்கக் கற்றுக்கொள்வோம். ஆனி மாதம் தொலைவில் இல்லை. பெயர் கொடுக்க விரும்பும் கடைக்காரர்கள் இந்த மாதக் கூட்டத்திலேயே கொடுக்க வேண்டுகிறேன்.